மறு உத்தரவு வரும் வரை

நீதிமன்ற உத்தரவுக்கு மஞ்சள் தடவி நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். எங்கள் கல்யாண மண்டபத்தின் கண்ணாடிக் கதவில், உள்ளே வருகிற யாரும் பார்க்காமல் தாண்ட முடியாத உயரத்தில், அந்த உத்தரவின் நகலை ஒட்டியிருந்தோம். மறுநாள் காலையில் நான் வந்தபோது அதன் நான்கு மூலைகளிலும் ஈரம் காயாத மஞ்சள் இருந்தது. நடுவில், நீதிமன்ற முத்திரைக்குச் சற்று மேலே, ஒரு சின்னக் குங்குமப் பொட்டு. கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதைப்போலவே அளவாக, அழகாக வைத்திருந்தார்கள். கோர்ட்டுக் காகிதத்தில் கை வைத்தால் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று இருக்கும் என்று மட்டும் தெரியும். ஈரத் துணியால் துடைக்கலாமா, துடைத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடுமா என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோதே, மண்டபத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமித்த ரிசீவர் மேடம், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் படியேறி வந்துவிட்டார்.

நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். குனிந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார், என்னவோ அன்றைக்குத்தான் அந்த உத்தரவை முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி. "யாரு வெச்சது?" என்றார். அடுத்து நடக்கவிருந்த கல்யாணத்துப் பெண்ணின் அம்மாவாக இருக்கும் என்று நான் இழுத்தேன். "எழுத்து ஒண்ணும் மறையல. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அலுவலக அறைக்குள் போய்விட்டார். அதுவரை அவரைக் கண்டாலே எனக்குப் பயம். அன்றைக்குத்தான் அவரைப் பிடித்துப்போனது.

வில்லியனூர் சாலையில் இருக்கிற இந்த மண்டபத்துக்கு நான் அப்போதும் மேனேஜர், இப்போதும் மேனேஜர். பெயர்தான் மேனேஜர். தண்ணீர் லாரி வரவில்லை என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள், மாப்பிள்ளையின் செருப்பு தொலைந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். மண்டபத்துக்கு முதலாளிகள் இரண்டு பேர். நிலம் பெரியவருடையது, வாழையும் கரும்பும் போட்ட குடும்பம். கட்டடம் எழுப்பியது சின்னவர். அவர் சொல்தா வீட்டுப் பிள்ளை, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பம். அவரும் அந்தத் தேசத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். சாதி வேறு, ஊர் வேறு, சாப்பாடுகூட வேறு. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழக்கத்தில் மாமா, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மண்டபத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்களை நிஜமான மாமன் மச்சான் என்றே நினைத்திருந்தார்கள்.

அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் கண்டது இவ்வளவுதான்: பெரியவரின் மகன் படித்து முடித்து வந்து, சாப்பாட்டுக் கூடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கடைகள் கட்டலாம் என்று அப்பாவின் காதில் ஓதினான். சின்னவர் முடியாது என்றார். பெரியவர், "எங்க நெலம்யா, நான் என்னா வேணா செய்வேன்" என்றார். அன்று சாயங்காலமே கூட்டு முறிந்தது என்று சொல்லிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு பூட்டைப் போட்டார். விஷயம் தெரிந்து ஓடிவந்த சின்னவர், பதிலுக்குத் திருமணக் கூடத்துக்கு ஒரு பூட்டைப் போட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், நான் மத்தளம். தாலி கட்ட இடம் ஒருவரிடம், பந்தி போட இடம் இன்னொருவரிடம். மறுநாள் விடிந்ததும் கொல்லைப்புறத்தில் ஒரு ஜேசிபி வேறு வந்து நின்றது.

சின்னவர் வக்கீலிடம் ஓடினார். அங்கேதான் ஒரு சிக்கல். கூட்டு ஆரம்பித்தபோது எழுதிய ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் ஒருவரை வைத்தே தீர்த்துக்கொள்வது என்று ஒரு பிரிவு இருந்தது. அதை எழுதியவர் எழுதினார், இருவரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாமனும் மச்சானுமாக இருந்தபோது யார் அதையெல்லாம் படிப்பார்கள்? நடுவர் யார் என்று ஒத்துக்கொண்டு, அவர் வந்து உட்கார்ந்து விசாரிக்க மாதங்கள் ஆகும். ஜேசிபி அவ்வளவு நாள் காத்திருக்காது. அதனால் நடுவர் வந்து சேரும்வரை சொத்தைக் காப்பாற்றித் தரச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, இடைக்கால நிவாரணம் என்று பெயர் என்று வக்கீல் விளக்கினார். அவசரத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கு எது எப்படி இருக்கிறதோ அது அப்படியே இருக்கட்டும். நீதிபதி சரி என்றார். சின்னவர் எங்கள் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

லட்டைத் தின்று முடிக்கும்முன் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சார், அப்டியே இருக்கட்டும்னா பூட்டும் அப்டியே இருக்கணுமா?" என்று கேட்டேன். சின்னவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார். எது எப்படி இருந்ததோ அதில் இரண்டு பூட்டுகளும் அடக்கம். கூடத்தைத் திறந்தால் நீதிமன்ற அவமதிப்பு, திறக்காவிட்டால் கல்யாணம் இல்லை. இரண்டு தரப்பும் உத்தரவுக்குப் பயந்து எதையும் தொடாமல் விலகிப் போனார்கள். ஜேசிபியை எடுத்துப்போகக்கூட அதன் டிரைவருக்குத் தைரியம் இல்லை. அது கொல்லையில் நின்று, தெருப் பிள்ளைகள் ஏறி விளையாடும் சாமானாகிப் போனது. ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை, மண்டபம் மட்டும் ஊமையாக நின்றது.

இந்த நிலையில்தான் பூக்கார அம்மா என்னைத் தேடி வந்தார். பெரிய மார்க்கெட்டில் கடை போட்டிருப்பவர், எங்கள் மண்டபத்துக்கும் மாலை கட்டித் தருபவர். அவருடைய வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் காவலுக்குப் போகிறார். ஊரார் பெண்களுக்கெல்லாம் மாலை கட்டிய கை, தன் மகளின் கல்யாணத்தை இந்த மண்டபத்தில்தான் வைக்க வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. அந்த முகூர்த்தத்துக்கு ஊரில் வேறு எந்த மண்டபமும் காலி இல்லை. "நான் எந்தப் பக்கமும் இல்லியே, சாரு. எனக்கு ஏன் பூட்டு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதை அப்படியே சின்னவரின் வக்கீலிடம் கொண்டுபோனேன்.

உத்தரவை மாற்றக் கேட்டு மறுபடி மனு போட்ட அன்று நானும் அவரும் நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவர் மடியில் கைப்பை, அதற்குள் பத்திரிகை. ஏற்கெனவே ஒத்துக்கொண்ட கல்யாணங்கள் இருக்கின்றன என்று சின்னவரின் வக்கீல் சொல்ல, அதெல்லாம் சும்மா கதை என்று பெரியவரின் வக்கீல் மறுக்க, "நெஜமா இருக்கா, இல்லியா?" என்று நீதிபதி கேட்டார். அப்போது பூக்கார அம்மா யாரும் சொல்லாமலே எழுந்து நின்று பத்திரிகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பேசக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்ததால் பேசவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார். நீதிபதி அதை வாங்கிவரச் சொல்லி, மணமகன் பெயர், மணமகள் பெயர், இடம் எல்லாவற்றையும் வாசித்தார். பிறகு அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "யார் பக்கம் நியாயம்னு நான் சொல்லப் போறதில்ல. அதுக்கு உங்க ஒப்பந்தப்படி நடுவர் வருவார். அவர் வர்ற வரைக்கும் மண்டபம் மண்டபமா இருக்கணும், அவ்வளவுதான்." இரண்டு பூட்டுகளையும் அகற்றி, மண்டபத்தைத் தன் பொறுப்பில் எடுத்து, ஒத்துக்கொண்ட விசேஷங்களை மட்டும் நடத்திக் கொடுக்க ஒரு ரிசீவரை நியமித்தார். வேறு ஏதோ வழக்குக்காக அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண் வக்கீலின் பெயரை அவர் சொன்னதும் இரண்டு தரப்பும் தலையாட்டின. அந்த வழக்கில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

மேடத்துக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். மிஷன் வீதிப் பக்கம் வீடு, ஞாயிறு தவறாமல் கோவில், அவர்கள் கோவில் என்று சொல்வது மாதா கோவிலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்யாணமே ஆகாதவர் கல்யாண மண்டபம் நடத்த வந்திருக்கிறார் என்று எங்கள் சமையல்காரர் முதல்நாளே கிண்டல் செய்தார். அன்று சாயங்காலத்துக்குள் கிண்டலை நிறுத்திக்கொண்டார். ஜெனரேட்டரைத் தானே ஓட்டிப் பார்த்தார் மேடம். மணமகள் அறையின் தாழ்ப்பாள் சரியாக விழாததைக் கண்டுபிடித்துத் தச்சரைக் கூப்பிடச் சொன்னார். எதைப் பார்த்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான் இருக்கும்: "இது முன்னாடி இருந்துச்சா?" இருந்தது என்றால், "அப்போ இருக்கட்டும்." புதிதாக எதையாவது செய்யலாமா என்று கேட்டால், "நான் யாரு செய்ய? மேனேஜர், நான் ஓனர் இல்ல. பாத்துக்கறவ." இந்தப் பாத்துக்கறவ என்ற வார்த்தையை அவர் வேலைக்காரி சொல்வது மாதிரியும் சொல்லவில்லை, அதிகாரி சொல்வது மாதிரியும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பவர் சொல்வது மாதிரி சொன்னார்.

சாப்பாட்டில் மட்டும் மகா பிடிவாதம். எத்தனை வகைப் பாயசம் கொதித்தாலும் சரி, தன் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சாதமோ தயிர் சாதமோதான் தின்பார். இந்த மண்டபத்தில் யார் வீட்டு உப்பையும் தின்னக் கூடாது, நாளைக்கு எவனாவது நாக்கு மேல் பல் போட்டுப் பேசுவான் என்பது அவர் கணக்கு. ஒரு வளைகாப்பு வீட்டார் ஏழு வகைச் சாதம் வைத்துக் கும்பிட்டுக் கேட்டும் அவர் அசையவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. விசேஷ வீட்டில் கை நனைக்காமல் போகிறவரை நம் ஆட்கள் என்னவென்று நினைப்பார்கள்? அவர்தான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பூக்கார அம்மாவின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது, மாப்பிள்ளையின் தாய்மாமன் மண்டபத்தைப் பார்க்க வந்தார். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். சமையலறை, மேடை, தண்ணீர் எல்லாம் பிடித்துவிட்டது அவருக்கு. போகிற நேரத்தில் கண்ணாடிக் கதவில் இருந்த உத்தரவைப் படித்துவிட்டார். மஞ்சள் வைத்திருந்ததால்தான் கிட்டே போய்ப் படித்தார் என்று நினைக்கிறேன். முகம் மாறிப்போனது. "கோர்ட்ல கெடக்கற மண்டபத்துல தாலி கட்டறதா? நாளைக்கு எங்க புள்ளயும் அந்தப் பொண்ணும் கோர்ட்டு வாசப்படி ஏறவா?" என்று சத்தம் போட்டார். எங்கள் மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் படியேறும்போது, பெரியவரும் சின்னவரும் ஆளுக்கொரு பக்கம் ஒரே தாம்பூலத் தட்டைப் பிடித்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு மண்டபத்தின் சாவியையும் வைத்து இரண்டு வீட்டாருக்கும் கொடுப்பார்கள். ராசியான மண்டபம் என்று பெயர் வாங்கியதே அதனால்தான். அதைக் கேள்விப்பட்டிருந்த தாய்மாமன் அதையே பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு பேரும் சேர்ந்து தட்டைக் கொடுத்தால் கல்யாணம் இங்கே. இல்லாவிட்டால் தள்ளிவைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தள்ளிவைத்த கல்யாணம் என்ன ஆகும் என்று மண்டபத்தில் வேலை பார்ப்பவனுக்குத் தெரியும். பூக்கார அம்மாவுக்கும் தெரியும். அவர் அழவில்லை. அலுவலக அறை வாசலில் தரையில் உட்கார்ந்து, "எம் பொண்ணு மொகத்த நான் எப்டிம்மா பாப்பேன்?" என்று மேடத்திடம் கேட்டார். மேடம் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்தேன்.

தட்டைப் பிடிக்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு போட முடியாது. ரிசீவரின் அதிகாரம் கதவு, சாவி, மின்சாரம், தண்ணீர் வரைக்கும்தான். ஆனாலும் மேடம் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் சின்னவர் வீட்டுக்குப் போனார். "ஜமே!" என்றார் சின்னவர், வாசலிலேயே. பிரெஞ்சில் அதற்கு ஒருபோதும் இல்லை என்று அர்த்தம். நல்ல கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் போய் பிரெஞ்சு வந்துவிடும். "அந்த ஆள் பூட்டுப் போட்டது சரிதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மேடம். பக்கத்துல நின்னு சிரிச்சுட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடுவர்கிட்ட பேசறது?" அங்கிருந்து பெரியவர் வீடு. அவர் மோர் கொடுத்தார், மேடம் குடிக்கவில்லை. "அம்மா, கூட்டு முறிஞ்சி போச்சின்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். இப்போ அவங்கூட சேந்து தட்டப் புடிச்சா, கூட்டு இன்னும் இருக்குது பாருன்னு அவன் வக்கீலு சொல்ல மாட்டானா?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான். வெறுப்புகூட இல்லை, வழக்குப் பயம். கை நீட்டினால் கேஸ் போய்விடும் என்று இரண்டு கிழவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் போகிறது, இவர்களுக்குச் சாட்சியம் பற்றிக் கவலை!

மேடம் எரிச்சல்படவில்லை. திரும்பி வரும் வழியில் இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றபோது, "ரெண்டு பேரும் மாட்டேன்னு சொல்லல, மேனேஜர். பயமா இருக்குன்னு சொன்னாங்க. அதுக்கு மருந்து இருக்கு" என்றார். மண்டபத்துக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து அவரே எழுதினார். மண்டபத்தில் நடக்கும் திருமணங்களில் வழக்கப்படி இருவரும் சேர்ந்து தாம்பூலத் தட்டைப் பிடித்து வழங்குவது, இருவரில் எவருடைய உரிமைக்கும் வாதத்துக்கும் பாதகமின்றிச் செய்யப்படுகிறது. கூட்டு நீடிக்கிறது என்பதற்கோ முறிந்தது என்பதற்கோ இதை யாரும் சான்றாகக் காட்டலாகாது. இந்த ஏற்பாடு மறு உத்தரவு வரும் வரை நடப்பில் இருக்கும். அந்தக் கடைசி வரி பழக்க தோஷத்தில் வந்தது என்று நினைக்கிறேன். வக்கீல்களுக்குக் கை தானாக எழுதிவிடும்.

பெரியவர் அதைத் தன் வக்கீலுக்குப் போனில் வாசித்துக் காட்டினார். சின்னவர் இரண்டு முறை படித்துவிட்டு, "தட்டைப் பிடித்து" என்று இருந்த இடத்தில் "கையால்" என்று சேர்க்கச் சொன்னார். எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. காலால் பிடிப்பார்களா? மேடம் மறுபேச்சில்லாமல் சேர்த்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், சாட்சி நான். சின்னவருடைய ஜமே சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கியது. தாம்பூலத் தட்டுக்கு ஒப்பந்தம் எழுதிய மண்டபம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கல்யாணத்தன்று காலையில் இருவரும் ஆளுக்கொரு காரில், ஆளுக்கொரு பட்டு வேட்டியில் வந்து இறங்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நாதஸ்வரம் ஆரம்பித்ததும் நான் தட்டை நீட்டினேன். பெரியவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நேராகத் தெருவைப் பார்த்து, "வித்தவுட் பிரெஜுடிஸ்" என்றார். பாதகமின்றி என்பதற்கு அவருடைய வக்கீல் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ். சின்னவரும் மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, விட்டுக்கொடுக்காமல், "வித்தவுட் பிரெஜுடிஸ்" என்றார். தாய்மாமன் என் காதருகில் குனிந்து, "என்னா சொல்றாங்க?" என்றார். "அது கோர்ட்டு மந்திரங்க" என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு இரண்டு கைகளையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். பூக்கார அம்மா அப்போதுதான் அழுதார். ஒளித்து மறைத்து இல்லை, முந்தானையைக்கூட எடுக்காமல், சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் கண் கலங்கியது. எத்தனையோ ஆயிரம் தாலி பார்த்தவன் நான், எனக்கே கலங்கியது.

மேடம் அன்றும் அலுவலக அறையில் எலுமிச்சைச் சாதம்தான் சாப்பிட்டார். பந்தி முடிந்ததும் பூக்கார அம்மா ஒரு பந்து மல்லிகையைக் கொண்டுவந்து அவர் மேஜை மேல் வைத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை, சாப்பிடவும் கூப்பிடவில்லை. அதற்குள் அவருக்கும் மேடத்தின் குணம் பிடிபட்டிருந்தது. மேடம் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தை யோசிக்கிறார் என்று தெரிந்தது. "சாயங்காலம் வாடிடும் இல்ல? அப்போ பரவால்ல" என்று எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஸ்கூட்டரில் அவர் கிளம்பிப் போனபோது வாசலே மணத்தது.

அதன் பிறகு நடுவர் வந்தார். விசாரணை நடந்தது, ஜேசிபி ஒருவழியாக வீடு போய்ச் சேர்ந்தது. முடிவில் மண்டபம் முழுவதும் சின்னவருக்கு, பின்பக்கத்து நிலமும் மீதி நிலத்துக்கு ஈடான பணமும் பெரியவருக்கு என்று தீர்ப்பாயிற்று. இரண்டு பேரும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. மேடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, தன் பொறுப்பு முடிந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முகூர்த்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்குச் சாதாரண விருந்தாளியாக வந்து பந்தியில் உட்கார்ந்தார். "இப்போ நான் ரிசீவர் இல்ல. இலையப் போடுங்க" என்றார். எங்கள் சமையல்காரர் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாயசம் மூன்று தடவை வாங்கினார் மேடம், வெட்கமே படாமல். இத்தனை நாள் அந்த வாசனையை மோந்துகொண்டே தயிர் சாதம் தின்ற மனுஷிக்கு எவ்வளவு மன உறுதி இருந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தக் கல்யாணத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பெரியவர் வந்து நின்றார். மண்டபத்தில் அவருக்கு இப்போது ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. நான் தயங்கிச் சின்னவரைப் பார்த்தேன். சின்னவர் என்னைப் பார்க்காமல், "தீர்ப்புல தட்டப் பத்தி எதுவும் சொல்லலியே" என்றார். மறு உத்தரவு எதுவும் வரவில்லை, ஆகவே பழைய ஏற்பாடு நடப்பில் இருக்கிறது என்று பெரியவரும் சொன்னார். பந்தியில் உட்கார்ந்திருந்த மேடத்திடம் ஓடிப்போய் இது சரிதானா என்று கேட்டேன். பாயசக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே, "ரத்து பண்ணச் சொல்லி யாரும் கேக்கலியே, மேனேஜர்" என்றார். இப்படியாக எட்டு முழம் வேட்டியும் துண்டுமாக ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வந்து, தட்டைப் பிடித்து, வித்தவுட் பிரெஜுடிஸ் சொல்லி, பந்தியில் சாப்பிட்டு, சின்னவரோடு அரை மணி நேரம் அரசியல் பேசிவிட்டுப் போவது பெரியவரின் வழக்கமாகிவிட்டது. மறுபடி மாமா மச்சான் என்று எப்போது கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

போன ஆவணியில் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு விட்டுப்போய், கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் கல்யாணம். சின்னவர் தட்டைத் தனியாகப் பிடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பேரும் சேந்துன்னுதான எழுதியிருக்கு? தனியா புடிச்சா மீறின மாதிரி. ஜமே!" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டு மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் தொழிலைக் குறைத்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார் இப்போது. முழுவதையும் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு பழைய ரிசீவர் குரலில், "அவர் வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்த நீங்க புடிங்க மேனேஜர். உங்களுக்கு உரிமை எதுவும் வந்துடாது. பாத்துக்கறீங்க, அவ்வளவுதான்" என்றார். அப்படியே பிடித்தேன். ஆவணி, புரட்டாசி கழிந்து ஐப்பசி முகூர்த்தங்களிலும் நான்தான் பிடித்தேன். வெற்றிலைத் தட்டு அவ்வளவு கனக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கார்த்திகையில் முதல் முகூர்த்தத்தன்று வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு பெரியவர் இறங்கினார். சின்னவர் ஓடிப்போய் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். படியேறி வந்த பெரியவர் என் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னாய்யா, இத்தினி நாளும் வித்தவுட் பிரெஜுடிஸ் சொல்லிட்டுத்தான புடிச்ச?"

"சொல்லிட்டுத்தாங்க ஐயா புடிச்சேன்" என்று சொல்லி, தட்டின் அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.